இரு பக்கமும் தலை

சத்தம் வரவில்லை.

முதலில் அவர் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். அறுபது முடிய இரண்டே மாதம் இருக்கிற மனுஷனுக்குக் காது முன்னே பின்னே இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் கீழ்வீட்டு மிக்ஸி கேட்டது, பால்கனிக் கம்பியில் காக்கை அலகைத் தீட்டுவது கேட்டது, சமையலறைக் குழாயிலிருந்து பாத்திரத்துக்குள் நீர் சொட்டுவதுகூடக் கேட்டது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் எந்நேரமும் கிடக்கும் வெள்ளைப் பளிங்குத் துண்டின் மேல், ஒரு சாண் உயரத்திலிருந்து, காசை மறுபடி போட்டார். வெள்ளியென்றால் 'ணிங்' என்று இழுக்கும். செம்பென்றால் 'டண்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஈயம் கலந்த போலியென்றால் 'தொப்' என்று விழும். இது விழுந்தது, எம்பியது, ஓரத்தில் நின்று சுழன்றது, படுத்தது. அத்தனையையும் கண்ணால் பார்த்தார். காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலைதானா? போனாப் போகுதுன்னு பொறுக்கிட்டு வந்து கொடுத்தா, தூக்கித் தூக்கிப் போட்டு விளையாடுறீங்க." நடந்து வந்த வேர்வை அடங்காமல் மின்விசிறிக்குக் கீழே நின்றிருந்தாள் மனைவி. நெற்றியைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல இடது காதின் மேல் கூந்தலை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க கிடந்துச்சு?"

"ஏரிக்கரையில. உடைஞ்ச மதகு இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல. புதைஞ்செல்லாம் இல்லை, மண்ணுக்கு மேலேயே கிடந்துச்சு. யாரோ வச்சுட்டுப் போன மாதிரி. உங்க சொந்தக்காரனாச்சேன்னு எடுத்துட்டு வந்தேன்."

சர்க்கரை ஏறிவிட்டது, தினம் ஒரு மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் மிரட்டியதிலிருந்து அவளுக்கு இந்த ஏரிக்கரை நடை. அவர் கூடப் போனதில்லை. காலையில் எழுந்து நடப்பது நாய்க்கும் போலீசுக்கும் உரியது என்பது அவர் கட்சி.

அலுவலகத்தில் அவருக்குச் சில்லறை என்று பெயர். நேரில் சில்லறை சார். அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் முப்பத்தொரு வருஷம். உழுத இடத்தில் கிடைத்தது, கிணறு தோண்டும்போது வந்தது, மழை அரித்த மேட்டில் பிள்ளைகள் பொறுக்கியது என்று ஜனங்கள் துணியில் முடிந்தும் தீப்பெட்டியில் போட்டும் கொண்டு வருவதை வாங்கி, எடை போட்டு, விட்டம் அளந்து, கல்லில் போட்டுச் சத்தம் கேட்டு, இது இன்ன காலத்தது, இன்னார் அடித்தது என்று சொல்லி அனுப்புவது அவர் தொழில். ஊரார் கண்டெடுத்த காசுக்கெல்லாம் அடையாளம் சொன்னவருக்கு, யாருமே இதுவரை பார்த்திராத ஒரு காசு மட்டும் வாய்க்கவில்லை. ஆராய்ச்சி இதழில் தன் பெயரோடு ஒரே ஒரு கட்டுரை வந்தால் போதும், நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கொடுப்பினை இல்லாமலே ஓய்வு நாள் வந்துகொண்டிருந்தது.

இப்போது இது. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். களிம்பு இல்லை, மண் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு பக்கம் இடப்புறம் பார்க்கும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். திருப்பினால் அதே முகம், ஆனால் உள்வாங்கி, பள்ளமாக. மூக்கருகே கொண்டுபோனார். செம்பின் கசப்பு வாசம் வரவேண்டிய இடத்தில் லேசாக முகப் பவுடர் வாசம் வந்தது. அவள் கையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மூஞ்சியா?" அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. பூவா தலையா போட்டா நீங்க தோக்கவே மாட்டீங்க."

"சிரிக்காதம்மா. இது எப்பவாவது ஒண்ணு சிக்கும்."

சந்தோஷத்தில் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். அந்தக் காலத்தில் இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவில் வெறும் வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி, காசு ஆயிற்று. சில சமயம் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டியிருக்கும் காசே அதற்கு அச்சாகிவிடும். புதுக்காசில் ஒரு பக்கம் முகம் மேடாக இருக்கும், மறுபக்கம் அதே முகம் குழியாக விழும். கைதவறிய தப்பு. ஆயிரத்தில் ஒன்று. அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்துபோய்க் குளித்தாள்.

அவர் வழக்கமான சீட்டை எழுதினார். எடை, விட்டம், தேதி. கண்ட இடம்: ஏரி மதகு. கண்டெடுத்தவர்: மனைவி. உலோகம் என்ற இடத்தைக் காலியாக விட்டார். காதின் கீழ்நுனியில் சின்னதாக ஒரு வெட்டு தெரிந்தது. 'அச்சுப் பழுது' என்று அதையும் குறித்தார்.

திங்கட்கிழமை அவள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதே இடம், அதே மாதிரி, அதே பெண். கைதவறிய தப்பு ஒருமுறை கிடைக்கும். அடுத்த நாளே அதன் ஜோடி கிடைக்காது. ஆகவே இது தப்பில்லை, வேண்டுமென்றே இப்படி அடித்திருக்கிறார்கள், இப்படி அடித்தவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று முடிவு கட்டினார். இரவு படுக்கையில் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தார். நியாயமாக மறுநாளே காசுகளை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்தால் மேலதிகாரி பெயரில்தான் கட்டுரை வரும். ஆளைத் தெரியாதா என்ன.

செவ்வாய்க்கிழமை அவரே கூடப் போனார். ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் இல்லை. வெடித்துக் காய்ந்த சேற்றின் வாசமும், எங்கோ பாசி அழுகும் வாசமும், மதகின் இடுக்கில் காற்று போய்வரும் முனகலும் சேர்ந்து காலை வேளையிலேயே அந்த இடத்துக்கு ஒரு பழைய அறையின் களையைக் கொடுத்தன. மதகைச் சுற்றி அங்குலம் அங்குலமாகக் குனிந்து பார்த்தார். பாட்டில் மூடி, செருப்பு வார், நத்தை ஓடு. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நிமிர்ந்து தண்ணீர்ப் பக்கம் திரும்பி ஒரு மூச்சு விட்டார்.

"இதோ இருக்குங்க," என்றாள் பின்னாலிருந்து.

அவர் பார்த்து முடித்த இடம். இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்த இடம். அவள் கையில் மூன்றாவது காசு இருந்தது. தேடுகிறவன் கண்ணில் படாது, அவளுக்கென்றால் காலடியில் வந்து கிடக்கிறது. முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடத்தான் செய்தது. அதை அவர் மதிக்கவில்லை. ஆசை வந்தால் அறிவு வாசலோடு நின்றுவிடும்.

"நாளைலேருந்து நீ மட்டும் போ," என்றார். "நான் வந்தா உனக்குத் தொந்தரவு."

"நான் நடக்கப் போறேனா, பொறுக்கப் போறேனா?" அவள் மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே ஏற்றினாள். அது சரிந்தது. மறுபடி ஏற்றினாள். "ச்சே, இதோட ரோதனையாப் போச்சு. மூக்குல நிக்கவே மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்ததும் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, கண்ணாடியின் இரண்டு காம்பையும் இறுக்கிக் கொடுத்தார். புதன்கிழமை மறுபடி இறுக்கினார். அதற்குமேல் இறுக்க இடமில்லை.

நான்காவது காசைப் பார்த்தபோதுதான் அது திரும்புவதைக் கவனித்தார். நான்கையும் வரிசையாக வைத்து வெள்ளைத் தாளைப் போர்த்திப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுத்த படிகளில் அது தெளிவாகத் தெரிந்தது. முதல் காசில் முழுப் பக்கவாட்டு. இரண்டாவதில் மூக்கு நூலளவு இந்தப் பக்கம். மூன்றாவதில் இன்னொரு புருவத்தின் நுனி. நான்காவதில் இரண்டாவது கண்ணின் ஓரம். முகமும் காசுக்குக் காசு மேலே எழும்பிக்கொண்டு வந்தது. வெர்னியரில் அளந்தால் முதலுக்கும் நான்காவதுக்கும் உயரத்தில் ஒரு அரிசி அளவு வித்தியாசம். அப்படியானால் நான்கும் வேறு வேறு அச்சு. ஆனால் காதின் வெட்டு மட்டும் நான்கிலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. அச்சு மாறினால் பழுது கூடவே வராது. அது அச்சில் இருக்கும் பழுது என்றால், மாறிய அச்சில் எப்படி இருக்கும்? பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். விடை கிடைக்காமல் நான்காவது சீட்டிலும் 'அச்சுப் பழுது' என்றே எழுதினார்.

அன்று மாலை வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் வீடியோவில் வந்தான். இவர் மேசையில் இருந்தார், அவள் ஜன்னலோரம் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போனைச் சரியாப் பிடிங்க. மூஞ்சி ஒரு மாதிரி தெரியுது."

"என்னடா மாதிரி?"

"உள்ள போன மாதிரி. லைட் பின்னாடி இருக்கா? அப்பா, அம்மா சாப்பிடுறாங்களா இல்லையா?"

"இளைச்சுட்டேன்டா! டாக்டரே பாராட்டினாரு," என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தவர், ஏனோ பார்வையைச் சட்டென்று காசுகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை டீ டம்ளரை அவள் மேசையில் வைத்தாள். எஃகு டம்ளர், கண்ணாடி மேசை. அவர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார், வைத்தது தெரியவில்லை. கை தற்செயலாக டம்ளரில் பட்டுச் சுட்ட பிறகுதான் தெரிந்தது. தாளை இறக்கிவிட்டு அவள் போவதைக் கவனித்தார். ரப்பர் செருப்பு. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகாலில் சப், சப் என்று அடித்து இருபத்தெட்டு வருஷமாக அவர் எரிச்சலைக் கிளப்பிய செருப்பு. கீழ்வீட்டு மிக்ஸி ஓடியது. காக்கை கத்தியது. எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். இந்தச் செருப்பு மட்டும் தரையில் பட்டு எழுந்தது, பட்டு எழுந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா," என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. இன்னிக்குக் கிடைச்சுதா?"

கேட்டார். வெட்கங்கெட்ட வாய், கேட்டேவிட்டது. அவள் முந்தானையிலிருந்து ஐந்தாவதை எடுத்து மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் விழித்தபோது அவள் நடக்கப் போயிருந்தாள். அவளுக்குக் குப்புறப் படுக்கிற பழக்கம். தினமும் தலையணையில் முகம் பதிந்த குழி இருக்கும். இன்று குழி இல்லை. நடுவில் பஞ்சு எழும்பி நின்றது. விரலால் தொட்டார். ஒரு மூக்களவு மேடு, அதற்குக் கீழே உதடுபோல இரண்டு மடிப்பு, மேலே இரண்டு பக்கமும் கண் இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாக. பவுடர் வாசம். உள்ளங்கையால் ஓங்கித் தட்டிச் சமப்படுத்தினார். கையைப் பல முறை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பஞ்சு பழசு, மாற்றவேண்டும் என்று தனக்குத்தானே உரக்கச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஆறாவது காசு இருந்தது. அவள் குளியலறையில் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. எப்போது வந்தாள்? தண்ணீர் விழும் சத்தம்கூட இல்லை. "போய்ட்டு வரேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆறு காசுகளையும் பஞ்சு வைத்த தீப்பெட்டிகளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மதியத்துக்கு மேல் அருங்காட்சியகத்தின் அடித்தளத்துக்கு, போட்டோக்காரரின் அறைக்குப் போனார். வீட்டுக்கு வந்து அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்ட ஆள், ரகசியம் வெளியே போகாது. கறுப்புத் துணி விரித்து முதல் காசை வைத்து, விளக்கை இடப்பக்கம் மேலே நிறுத்தினார் போட்டோக்காரர். அது அந்தத் தொழிலின் சட்டம். எந்த நாட்டுக் காசானாலும் வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

"யாரு சார் இந்த அம்மா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். ராணியா இருக்கலாம்."

ஆறாவது காசை வைத்தார்கள். கிட்டத்தட்ட நேராகப் பார்க்கும் முகம். பள்ளமான பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, போட்டோக்காரர் விளையாட்டாக விளக்கைக் கீழே வலப்பக்கம் இறக்கினார். "இப்பப் பாருங்க வேடிக்கையை. கீழேருந்து வெளிச்சம் விழுந்தா பள்ளம் மேடாத் தெரியும், நம்ம கண்ணு அப்படியே நம்பிடும். லேசா நகருங்க சார். நகருங்க. நீங்க எங்க போனாலும் அதுவும் கூடவே திரும்பிப் பாக்குதா?"

திரும்பியது. அவர் வலப்பக்கம் சாய்ந்தார், திரும்பியது. இடப்பக்கம் வந்தார், திரும்பியது.

"பள்ளத்தோட குணம் அது. மேடு அப்படிப் பண்ணாது." போட்டோக்காரர் கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். சிரிப்பு நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சார். தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா மாதிரியே இருக்கு."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான். வீட்டுல."

திரை முழுக்க அந்தக் காது. கீழ்நுனியில் அந்த வெட்டு. இவ்வளவு பெரிதாகப் பார்க்கும்போது வெட்டு என்பதே தப்பு. கிழிந்து, தைத்து, கோணலாகக் கூடிய சதை. ஐந்து வயதில் தோட்டோடு கொக்கியில் மாட்டி அறுந்த காது. பெண் பார்க்கப் போன நாளில் அதை மறைக்கக் கூந்தலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதில்தான் அவருக்கு அவளைப் பிடித்துப்போனது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்துப் பார்த்த காதை, ஆறு நாளாக லென்ஸ் வைத்துப் பார்த்து, ஆறு சீட்டில் அச்சுப் பழுது என்று எழுதியிருக்கிறார். கண் இருந்தும் குருடு என்று ஊர் சொல்வது இவரைத்தான்.

அவர் கறுப்புத் துணியிலிருந்த காசை எடுத்துப் பஞ்சுக்குள் அமுக்கினார். தீப்பெட்டிகளை அள்ளிப் பையில் போட்டார். போட்டோக்காரர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. ஆட்டோ பிடித்து நேரே ஏரிக்கரைக்குப் போனார்.

சாயங்கால வெயில் சேற்று வெடிப்புகளில் மஞ்சளாக இறங்கியிருந்தது. மதகின் இடுக்கில் காற்று முனகியது. கண்டெடுத்த இடத்தில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. கல்லில் விழுந்தும் சத்தமில்லை. நான்கு. ஐந்து. "எடுத்துக்கோ. அவளை விட்டுடு," என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, கண்ணில் நீர் வந்தது. ஆறாவதை எடுத்தார். உள்ளங்கையில் அவள் நேராகப் பார்த்தாள்.

போடத்தான் நினைத்தார். விரல் மடங்கிவிட்டது. ஐந்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்றே. ஒன்றே ஒன்று இருந்தால் கட்டுரைக்குப் போதும். முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு ஒரு காசு. அது என்ன செய்துவிடும்? சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

திரும்பிப் பார்த்தபோது மண் வெறுமையாக இருந்தது. ஐந்தும் இல்லை.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. ஹாலில் விளக்கில்லை. வலப்பக்க மேற்கு ஜன்னல் வழியே கடைசி வெயில் தாழ்வாக நுழைந்து தரையை எரியவிட்டிருந்தது. நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"வந்துட்டீங்களா?" குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருந்தது குரல்.

"ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

"கண்ணு கூசுது."

"இனிமே ஏரிக்கரைப் பக்கமே போகாதம்மா. மொட்டை மாடியில நடக்கலாம். நானும் வரேன். தினமும் வரேன்."

"காசெல்லாம்?"

"இருந்த இடத்துலயே போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

சட்டைப் பை கனத்தது. "எல்லாத்தையும்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டார். முகம் நன்றாகத்தான் இருந்தது. வெயில் கீழிருந்து பட்டு, மூக்கும் கன்னமும் நெற்றியும் கல்யாணப் படத்தில் இருப்பதுபோல எடுப்பாக, பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடி மட்டும் இல்லை. 'பைத்தியக்காரா' என்று தன்னையே திட்டிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இரு, தண்ணி கொண்டு வரேன்," என்று சமையலறைப் பக்கம் நடந்தார்.

முகம் கூடவே திரும்பியது.

தோள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. மார்பில் கிடந்த பின்னல் அசையவில்லை. முகம் மட்டும்.

நின்றார். முகமும் நின்றது.

ஓரடி பின்னால் வைத்தார். அதுவும் பின்னால் வந்தது. வலப்பக்கம். வந்தது. இடப்பக்கம். வந்தது. சிமிட்டாமல்.

மேடு அப்படிப் பண்ணாது.

வெயில். கீழே, வலப்பக்கம். சுவிட்சு இடப்பக்கச் சுவரில். குழல் விளக்கு அதற்கு மேலே. இடப்பக்கம் மேலே.

"போடாதீங்க," என்றாள்.

போடாமல் இருந்திருக்கலாம். அப்படியே கதவைத் திறந்து ஓடியிருக்கலாம். முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. பார்க்கவேண்டும். எதுவாக இருந்தாலும் சரியான வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

அழுத்தினார். குழல் விளக்கு இருமுறை துடித்து எரிந்தது.

காதிலிருந்து காது வரை குழி. நெற்றி உள்ளே சரிந்து இறங்கியது. மூக்கு பின்னந்தலையை நோக்கிக் கூர்மையாகப் போயிருந்தது. அதன் இரு பக்கமும் கண்கள், உள்பக்கம் புடைத்து. ஆழத்தில் உதடு. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், சுத்தமாக வெட்டிய அச்சு. இடது காதில் மட்டும் பழைய தையல்.

ஆழத்தில் உதடு அசைந்தது.

"என் கண்ணாடி எங்கங்க? ஒண்ணும் தெரியலையே."

எழுந்தாள். நாற்காலி நகர்ந்த சத்தம் இல்லை. செருப்பு பட்டு எழுந்தது, பட்டு எழுந்தது. அவர் முதுகு சுவரில் முட்டியது. பவுடர் வாசம். அவள் இரண்டு கையாலும் அவர் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள், காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் பிடித்துப் பார்ப்பாளே, அதே இதமான பிடி. சட்டைப் பையில் காசு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"கிட்ட வாங்க," என்றாள். "இன்னும் கிட்ட."

குழி அவர் முகத்தளவு இருந்தது. அளவெடுத்த மாதிரி. நெற்றிக்கு நெற்றி, கன்னத்துக்குக் கன்னம்.

கத்த வாயைத் திறந்தார். மூக்கின் மேல் ஏதோ நழுவியது. கையைத் தூக்கிப் பிடிப்பதற்குள் அவருடைய கண்ணாடி சரிந்து, தரையில் விழுந்து, இரண்டாக உடைந்தது.

சத்தம் வரவில்லை.